இதை டைப் செய்ய வேண்டாம்

பத்மப்ரியா அந்த இசையை முதன்முதலாகக் கேட்டது ஒரு சர்க்கரை நோயாளியின் காற்புண்ணைப் பற்றிய குறிப்புக்குப் பின்னால்.

அவள் வேலை பார்த்த அலுவலகம் பேகம்பேட்டில், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடியில் இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் தொலைபேசியில் பேசிப் பதிந்து வைக்கும் குறிப்புகள் ராத்திரியோடு ராத்திரியாக ஹைதராபாத்துக்கு வந்துவிடும். காலை ஆறு மணிக்கு ஐம்பது பேர் வந்து உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை அழுத்தி ஓட்டியும் நிறுத்தியும் பின்னுக்குத் தள்ளியும் அவற்றை டைப் செய்வார்கள். அங்கே பொழுது விடிவதற்குள் எல்லாம் திரும்பிப் போய்விட வேண்டும். இரண்டாயிரமாவது வருடம் அது. அமீர்பேட்டில் தடுக்கி விழுந்தால் இந்த வேலைக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லும் போர்டின்மேல்தான் விழ வேண்டும்.

அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நான்கு தலைமுறைக்கு முன்னால் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சட்டை தைத்துக் கொடுக்க ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்தராபாத்துக்கு வந்த குடும்பம். அப்பா தேவராஜ் சனத்நகரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் லேத் ஓட்டியவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வீடு ஓடியது பத்மப்ரியாவின் சம்பளத்தில்தான். ஆனால் அவள் மனம் ஓடியது வேறு இடத்தில். கான்வென்ட்டில் படிக்கும்போது, பிரார்த்தனைக்கு வாசிக்க ஆள் வேண்டும் என்று பியானோ முன்னால் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். லண்டனிலிருந்து நடத்தப்படும் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் டிப்ளமாவுக்கு வந்திருந்தாள். அதில் இசை வரலாறு ஒரு தாள். ஒரு காலத்தையும் ஒரு தேசத்தையும் நாமே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும்.

அவள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆபிட்ஸ் நடைபாதை தேர்ந்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடைகளில் முதுகு கிழிந்த ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க இசையமைப்பாளர்களைப் பற்றியது. எந்த ஊர் நூலகத்திலிருந்து எந்தக் கப்பலில் வந்ததோ. அதை அவள் பஸ்ஸிலும் சாப்பாட்டு வேளையிலும் படித்துப் படித்து உருவேற்றினாள். பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் விற்றுவிட்டு மிச்ச நேரத்தில் இசை எழுதிய சார்ல்ஸ் ஐவ்ஸ். இரண்டு பேண்டு வாத்தியக் குழுக்களை எதிரெதிராக நடக்கவிட்டு அவை மோதும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுப் பார்த்த அவருடைய அப்பா. பெரிய உதவித்தொகை வாங்கிக்கொண்டு பெர்லினுக்குப் போய் வந்து, கல்யாணம் பண்ணி, நான்கு பிள்ளைகளை வளர்ப்பதில் ஏறக்குறைய இருபது வருடம் எழுதாமலே இருந்துவிட்டு, திரும்பப் பேனாவை எடுத்த கையோடு ஐம்பத்திரண்டு வயதில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த ருத் க்ராஃபர்ட். இவர்களெல்லாம் அவளுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய இசையில் ஒரு நிமிடம்கூட அவள் கேட்டதில்லை. ஊரில் இருந்த கேசட் கடைகளில் வெளிநாட்டு இசை என்றால் மொசார்ட்டும் பீத்தோவனும்தான். அமெரிக்கா என்று கேட்டால் பாப் பாட்டு எடுத்துக் காட்டினார்கள்.

சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் அவள் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், அங்கிருந்த பழைய பியானோவில் அந்தப் புத்தகத்தில் அச்சிட்டிருந்த துண்டு துண்டான இசைக் குறிப்புகளை வாசித்துப் பார்ப்பாள். ருத் க்ராஃபர்ட் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஒன்றின் மெதுவான பகுதி இரண்டு பக்கத்துக்கு அச்சாகியிருந்தது. அதை மட்டும் எப்படி வாசித்தும் பிடிபடவில்லை. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் சத்தம் தேய்ந்துகொண்டுதான் போகும், வளராது. அந்த இசையிலோ ஒவ்வொரு வாத்தியமும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்று வீங்கும்போது இன்னொன்று வடிந்து, மூச்சு வாங்குவது போல மாறி மாறி எழ வேண்டும் என்று எழுதியிருந்தது. அது எப்படிக் கேட்கும் என்று அவள் மனதுக்குள் கற்பனை பண்ணிப் பண்ணிப் பார்த்தாள்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, ஒஹையோ மாநிலத்துச் சிறிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து டாக்டர் மெரிட் என்பவரின் குறிப்பு அவளுக்கு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டுக்கொண்டு தொலைபேசியில் குறிப்புச் சொல்லும் வழக்கம் உள்ளவர். பின்னணி இரைச்சல் என்று மற்றவர்கள் அவரை ஒதுக்குவார்கள். காற்புண்ணின் நீளம், அகலம், ஆழம் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, பின்னால் நான்கு வாத்தியங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுந்தன. பத்மப்ரியாவின் கால் பெடலிலிருந்து தானாக எடுபட்டது. பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டாள். அந்த ஏழு நிமிடக் குறிப்பை முடிக்க அன்றைக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எத்தனையாவது நிமிடம், ஏன் புரியவில்லை என்று கீழே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். டாக்டர் அதைப் பார்த்து நிரப்பிக் கையெழுத்துப் போடுவார். அவள் எழுதினாள்: மருந்தின் பெயர் இசையில் அமுங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ருத் க்ராஃபர்ட், மெதுவான பகுதி என்றும் சேர்த்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வந்த குறிப்பின் தொடக்கத்தில் டாக்டர் மெரிட் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை டைப் செய்ய வேண்டாம் என்று ஆரம்பித்தார். டைப் செய்வது யாரோ, எங்கிருக்கிறாரோ தனக்குத் தெரியாது; இசைக்கு மன்னிக்க வேண்டும்; ஆனால் இது யாருடையது என்று தெரிந்த ஒருவரை இந்த மாவட்டத்தில் தான் சந்தித்ததே இல்லை. இவ்வளவுதான் சொன்னார். அடுத்து ஒரு கிழவரின் சிறுநீரகத்துக்குப் போய்விட்டார்.

அன்று முதல் அவர் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால், இதை டைப் செய்ய வேண்டாம், இன்று ஐவ்ஸ் என்பார், அல்லது அதே புத்தகத்தில் இருந்த கோப்லண்ட் என்பார். விளக்கம் ஒன்றும் இருக்காது. எதிர்வீட்டுக்காரரிடம், இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை. பத்மப்ரியா அவருடைய குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் போட்டிக்கு வரவில்லை.

ஒரு முறை ஐவ்ஸின் இசையில் இரண்டு பேண்டுகள் மோதுகிற இடத்தில் டாக்டர் பலமாக இருமிவிட்டார். ரிப்போர்ட்டின் அடியில் அதை அவள் ஒரு குறையாக எழுதி அனுப்பினாள். அது அமெரிக்கா போய்ச் சேரவில்லை. குழுத் தலைவர் நூர் முகமது நடுவில் பார்த்து எடுத்துவிட்டார். மேலப்பாளையத்துக்காரர், அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லோருடைய ரிப்போர்ட்டும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும்; ருத் க்ராஃபர்ட் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அவளைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ப்ரியா, இது லெட்டர் எழுதுத எடம் இல்ல, பாத்துக்கோ. க்ளையண்ட் கண்ணுல பட்டுச்சுன்னா ஒன் சீட்டும் போவும், என் சீட்டும் போவும். காதுல கேட்டுக்கோ. கையில வராண்டாம்."

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தாள். கைக்கடக்கமான டேப் ரெக்கார்டர் ஒன்றைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை அதன்மேல் வைத்து டாக்டர் மெரிட்டைப் பதிந்தாள். அம்மா மங்களத்தின் பழைய பக்திப் பாட்டுக் கேசட்டுகளின் மேலேயே பதிந்தாள். நோயாளிகளின் பெயரும் நோயும் அதில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கிய காகிதத்தில் முதல் வரியே அது கூடாது என்பதுதான். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. பரீட்சைக்கு வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளடைவில் ஒன்பது கேசட்டுகள் சேர்ந்தன. வீட்டில் காய் நறுக்கும்போது போட்டுக் கேட்பாள். யாரோ ஒரு அம்மாளின் இதயம் வீங்கியிருப்பதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் பரந்த வெளியில் ஒற்றை ட்ரம்பெட் ஒலிக்கும்.

"கைக்கும்மா, ஏன் வீட்லயும் ஆபீஸ் வேலை?" என்று தேவராஜ் கேட்பார். படிப்பு நைனா, என்பாள்.

இரண்டாயிரத்தொன்று நவம்பரில் பரீட்சை எழுதினாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தச் சின்னத் தடுமாற்றங்கள் ஆரம்பித்தன.

முதலில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. பிறகு வலது கால் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இடது கால் வந்தது. அதே நோயாளியின் முந்தைய ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்து அவள் வலது என்று திருத்தினாள். ரத்த அழுத்த மாத்திரை என்ற இடத்தில் சர்க்கரை மாத்திரையின் பெயர் வந்தது, அதையும் திருத்தினாள். அதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதை டைப் செய்கிறவர் சாதாரண ஆள், சொல்ல நினைத்ததை டைப் செய்கிறவர்தான் கெட்டிக்காரர் என்றே பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதினாறு மாதமாக அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் எங்கே திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அவர் விழுகிற இடத்திலெல்லாம் அவள் கை கொடுத்தாள். அந்த மூன்று மாதமும் அலுவலகத்தில் துல்லியத்துக்குப் போடும் மதிப்பெண்ணில் அவள்தான் முதல்.

டிசம்பரில் ஒரு நாள் அவர், இன்று கோப்லண்ட் என்றார். பின்னால் எழுந்தது ருத் க்ராஃபர்ட்டின் அதே மெதுவான பகுதி. பத்மப்ரியா முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அவர் விளையாடவில்லை. மாத்திரையின் பெயரைக் களைப்பில் மாற்றிச் சொல்லலாம், இதை அவர் மாற்றிச் சொல்லவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மதியம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன ஆதாரம் என்று கேட்டால் கேசட்டுகளைத்தான் காட்ட வேண்டும். காட்டினால் வேலை போகும். வேலை போனால் வீடு. இப்படியெல்லாம் காரணம் வைத்திருந்தாள். அவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்ததை அவள் பிற்பாடுதான் ஒத்துக்கொண்டாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அவரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் இசை நின்றுபோகும்.

ஜனவரியில் அவர் பெயர் சொல்வதை விட்டுவிட்டார். ஸ்டெதஸ்கோப் என்ற சொல் வராமல், காதில் மாட்டுவது, காதில் மாட்டுவது என்று மூன்று முறை சொன்னார். பிப்ரவரி முதல் வாரத்தில் வந்த ஒரு குறிப்பில் இசைத்தட்டு முதல் நிமிடத்திலேயே முடிந்துபோயிற்று. முள் கடைசிக் கோட்டில் சிக்கிக்கொண்டு டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய் அதை எடுக்கவில்லை. இருபது நிமிடம் அந்த டக், டக்கோடு பேசிக்கொண்டே இருந்தார். முள் ஒரு நொடி அதிகமாக ஓடினால்கூட, ஒரு நிமிடம் என்று சொல்லி எழுந்து போகிறவர் அவர்.

பத்மப்ரியா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு நூர் முகமதின் மேஜைக்குப் போனாள்.

"அண்ணா, மெரிட் டாக்டருக்கு ஒடம்பு சரியில்ல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேக்குது."

அவர் அன்றைய குறிப்பைக் கேட்டுப் பார்த்தார். தூக்கக் கலக்கமாக இருக்கும், குடித்திருந்தாலும் இருப்பார் என்றார். மறுநாள் அவள் ஒரு கைப்பையில் ஒன்பது கேசட்டுகளையும் கொண்டுவந்தாள். எதிரே இருந்த இரானி ஹோட்டலில் உட்கார்ந்து, போன வருடத்து ஜூலையையும் இந்த மாதத்தையும் அவர் காதில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாள். நூர் முகமதின் டீ ஆறிப்போயிற்று.

"இத நீ எனக்குக் காட்டவே இல்ல," என்றார் கடைசியில். "நான் பாக்கவும் இல்ல." பையை அவரே எடுத்துக்கொண்டார். அந்த ஒன்பது கேசட்டுகளையும் என்ன செய்தார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தன் பெயரில், தானே கவனித்ததாக, அமெரிக்காவில் இருந்த ஒருங்கிணைப்பாளருக்கு நூர் முகமது ஒரு மின்னஞ்சல் எழுதினார். பத்து நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. டாக்டர் மெரிட்டின் ரிப்போர்ட்டுகள்தான் ஆஸ்பத்திரியிலேயே மிகத் துல்லியமானவை, அவரைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை, உங்கள் குழுவுக்குப் பாராட்டுகள் என்று எழுதியிருந்தார்கள்.

பத்மப்ரியா அந்தக் கடிதத்தை அவருடைய திரையில் இரண்டு முறை படித்தாள். நல்ல வேலை என்று நினைத்து அவள் செய்தது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. அந்த மனிதர் தடுமாறுவதை ஒருத்தரும் பார்க்காதபடி அவள்தான் மறைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் அவர் தன் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது, தான் சரியாகப் பேசியதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நாளைக்கு நான் திருத்தப் போறதில்லண்ணா," என்றாள்.

நூர் முகமது அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு. ஒன் ரிப்போர்ட்ட பாக்க நேரம் இருக்காது," என்றார்.

மறுநாள் டாக்டர் மெரிட்டிடமிருந்து பதினொரு குறிப்புகள் வந்தன. பதினொன்றையும் அவள் கேட்டது கேட்டபடி டைப் செய்தாள். தவறான கால், தவறான மருந்து, பாதியில் நின்ற வாக்கியம், காதில் மாட்டுவது, எல்லாவற்றையும் அப்படியே போட்டாள். ஒவ்வொன்றின் கீழும், இதைச் சரிபார்க்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது பொது இடத்தில் ஒருவருடைய வேட்டியை உருவுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

அதற்கு அடுத்த நாள் ஒரே ஒரு பதிவுதான் வந்தது. நோயாளியின் பெயர் இல்லை. இசையும் இல்லை. ஒரு நிமிடம் வரை மூச்சு மட்டும் கேட்டது, எங்கோ ஒரு சுவர்க் கடிகாரமும். பிறகு அவர் பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் கையால் தடவித் தடவி எடுத்து வைப்பது போலப் பேசினார். நான் சொன்னது இவைதானா என்று கேட்டார். பிறகு, எவ்வளவு நாளாக என்று கேட்டார். அவ்வளவுதான் இருந்தது.

பத்மப்ரியா நூர் முகமதைக் கூப்பிட்டாள். அவரும் கேட்டார். அவள் வெறும் பக்கத்தின் அடியில், அக்டோபர் முதல் என்று டைப் செய்தாள். அது போதாது என்று தோன்றியது. என்னை மன்னியுங்கள் என்று சேர்த்தாள். நூர் முகமது அதை எடுக்கவில்லை. அவரே அனுப்பினார்.

அதன் பிறகு டாக்டர் மெரிட்டின் குரல் வரவில்லை.

ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கோபமான கடிதம் வந்தது. பதினொரு ரிப்போர்ட்டுகள் சரிபார்க்கப்படாமல் எப்படி வந்தன என்று கேட்டார்கள். நூர் முகமதைக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்து, பத்மப்ரியாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார வைத்தார்கள். அவரும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். அவளுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. புதிதாகத் தலைவரான ஹர்ஷிதா நல்ல பெண். அவர்கள் இருவரிடமும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் கடைசியில், அதே ஆஸ்பத்திரியின் நரம்பியல் டாக்டர் ஒருவரின் குறிப்பு பத்மப்ரியாவின் வரிசையில் வந்து நின்றது. முதல் வாக்கியத்தை அவள் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டாள். நோயாளி ஐம்பத்தெட்டு வயதான ஆண், தொழிலால் டாக்டர், பெயர் மெரிட். மனைவியை இழந்தவர், குழந்தைகள் இல்லை, தனியாக வசிப்பவர். பதினெட்டு மாதத்துக்கு மேலாகத் தினமும் கேட்ட மனிதருக்கு என்ன வயது, வீட்டில் யார் யார் என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூளையின் இடப்பக்கத்தில், பேச்சு இருக்கும் இடத்தில், கட்டி. அதன் அளவு, அதன் வகை. அந்த வகையின் பெயரை அவள் முன்னால் நிறைய முறை டைப் செய்திருக்கிறாள். அந்தப் பெயருக்குப் பிறகு எத்தனை மாதம் என்பதும் தெரியும்.

நரம்பியல் டாக்டர் மேலே சொன்னார். நோயாளி ஒரு கட்டுக் காகிதங்களைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அக்டோபர் முதல் தன் பேச்சு மாறியிருப்பதாகத் தன் தட்டச்சாளர் கவனித்துச் சொன்னதாகத் தெரிவித்தார். அவருடைய முந்தைய மருத்துவக் குறிப்புகளைப் பார்த்ததில், அந்தக் காலகட்டத்தில் பிழை எதுவும் காணப்படவில்லை.

பிழை எதுவும் காணப்படவில்லை. அந்த வாக்கியத்தையும் அவள்தான் டைப் செய்ய வேண்டியிருந்தது. டைப் செய்தாள்.

அந்த வாரம்தான் லண்டனிலிருந்து சான்றிதழ் வந்தது. தேறியிருந்தாள். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இசையில் அவளுக்கு நல்ல மதிப்பெண். தேவராஜ் அன்றே மோண்டா மார்க்கெட் பக்கம் போய் அதற்குச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து, ஆணி அடித்து மாட்டினார். வேலை போன பிறகு அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. சுவரில் அது நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தவர், மகள் அழுவதைக் கண்டார்.

"என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா?"

"அதை எடுத்துடு நைனா. நக்கோ, வேணாம். சொவத்துல நக்கோ."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சனத்நகர் கம்பெனி வாசலில் தன் பெயர் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று மகள் தன்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தது அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. சட்டத்தை இறக்கி, துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்தார். மங்களம் இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டாள்.

நூர் முகமது அவளுக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தார். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் விசாரித்ததாகவும், அக்டோபரிலேயே கண்டுபிடித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இருந்திருக்காது என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். எந்த டாக்டர் என்று கேட்டாள். மெஹதிபட்டணத்தில் ஒருத்தர் என்றார். அப்படி யாரையும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வகைக் கட்டியில் ஐந்து மாதம் முன்னால் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவள் தானே அலுவலகத்து மருத்துவப் புத்தகங்களில் தேடினாள். ஒரு புத்தகம் ஒன்றும் ஆகாது என்றது. இன்னொன்று கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம் என்றது. அந்தக் கொஞ்ச காலத்தில் ஒரு மனிதர் எத்தனை இசைத்தட்டுகளைக் கேட்டு முடித்திருக்கலாம் என்று அவள் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் திருத்துவதில்லை. டாக்டர்கள் சாதாரணமாக நாக்குப் பிசகும் இடங்களைக்கூடக் காலியாக விட்டு, கீழே குறிப்பு எழுதினாள். சிலர் எரிச்சலோடு பதில் சொன்னார்கள். மதிப்பெண் இறங்கியது. ஹர்ஷிதா இரண்டு முறை மென்மையாகச் சொல்லிப் பார்த்தாள். சாப்பாட்டு வேளையில் நூர் முகமது தன் டப்பாவிலிருந்து மீன் துண்டு ஒன்றை அவள் தட்டில் வைத்துவிட்டு, "எல்லாரும் மெரிட் இல்லம்மா," என்றார்.

"தெரியும்ணா. யாரு மெரிட்டுன்னு எப்டி தெரியும்?" என்றாள் அவள்.

ஜூன் மாதம், முதல் மழை பெய்து பேகம்பேட்டின் ரோடெல்லாம் முழங்கால் தண்ணீராக இருந்த ஒரு காலையில் பாதிப் பேர் வேலைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்த சிலரிடம் ஹர்ஷிதா குறிப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்மப்ரியாவின் மேஜைக்கு வந்ததும் நின்றாள். ஒரு மரணக் குறிப்பு வந்திருக்கிறது, பெயர் மெரிட், வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று தெலுங்கில் மெல்லச் சொன்னாள். இரண்டு நாற்காலி தள்ளி நூர் முகமது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "நான் எடுத்துக்கிடுதேன்," என்றார்.

"வேணாம்ணா. எனக்கே குடுங்க," என்றாள் பத்மப்ரியா.

நான்கரை நிமிடம் இருந்தது. பேசியவர் மெரிட்டோடு வெகுநாள் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். நோயாளி என்று சொல்ல வேண்டிய இரண்டு இடங்களில் அவர் என் நண்பர் என்று சொன்னார். அதை அவள் மாற்றவில்லை. பேச்சு முழுவதும் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. கடைசி நாட்களில் வலி இல்லை. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரி அறையின் கதவு ஒரு முறை திறந்து மூடியது மட்டும் கேட்டது. இறந்த நேரத்தைச் சொல்லும்போது அந்த டாக்டரின் குரல் உடைந்து, எண்கள் தெளிவில்லாமல் போயின.

அந்த இடத்தில் பத்மப்ரியா பெடலைப் பின்னுக்கு அழுத்தினாள். மறுபடி கேட்டாள். நான்கு பதினைந்தா, நான்கு ஐம்பதா என்று தெரியவில்லை. ஐந்து முறை கேட்டாள், ஒலியைக் கூட்டிக் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அந்த இடத்தைக் காலியாக விட்டு, நேரம் தெளிவாகக் கேட்கவில்லை, தயவுசெய்து நிரப்பவும் என்று கீழே எழுதினாள். ஒரு முறை முழுவதும் படித்துப் பார்த்து அனுப்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. ஹர்ஷிதா வைத்துவிட்டுப் போயிருந்த அடுத்த குறிப்பு காத்திருந்தது. அறுபத்தொரு வயதுப் பெண், முழங்கால் வலி. அவள் பெடலை அழுத்தினாள்.